ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனால் நோ போகவில்லை: பழைய நெருக்கீடு உடம்பில் எப்படித் தங்குகிறது

கேள்வியின் சுருக்கம் இது. அம்மாவுக்கு 61 வயது, ஊர் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006 இல் ஷெல்லடிக்குள் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய், பிறகு கிளிவெட்டி முகாமில் பல வருடம் இருந்தவர். அவருடைய தம்பி காணாமல் போனவர். 2015க்குப் பிறகு ஊர் திரும்பியும் நாரி நோவும் தலையிடியும் கூடிக்கொண்டே போகின்றன. நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை, சீனக்குடாப் பக்கம் விமானம் தாழப் பறந்தால் கை கால் விறைக்கிறது. எக்ஸ்ரே, இரத்தம், ஈசிஜி எல்லாம் 'நோர்மல்'. "உங்களுக்கு ஒன்றும் இல்லை, யோசிக்காமல் இருங்கோ" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகள் கேட்பது: இது வருத்தமா, அம்மாவின் கற்பனையா? இத்தனை காலத்துக்குப் பிறகு மாறுமா? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

வருத்தம்தான், கற்பனை இல்லை. இந்த வயதிலும் நன்றாகக் குறைய இடமுண்டு. ஆனால் இன்னொரு ஸ்கேனோ இன்னொரு குளிசையோ தனியாக அதைக் குறைக்காது. "யோசிக்காமல் இருங்கோ" என்ற அறிவுரையால் இதுவரை ஒருவருக்கும் நித்திரை வந்ததில்லை, ஆகவே அதை விட்டுவிடுவோம்.

நோ என்றால் உடம்பில் எங்கோ காயம் இருக்க வேண்டும், காயம் இல்லாவிட்டால் நோ பொய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வைத்தியர்களிலும் சிலர் அப்படித்தான். நோவை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020 இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, நோவும் நரம்புகள் கொண்டுவரும் காயச் செய்தியும் ஒன்றல்ல என்று தெளிவாக எழுதியது. காயச் செய்தி தோலிலிருந்தும் தசையிலிருந்தும் முள்ளந்தண்டுக்குப் போகிறது. அதை எவ்வளவு பெரிதாக எடுப்பது என்பதை முள்ளந்தண்டும் மூளையும் தீர்மானிக்கின்றன. 1940களில் இத்தாலியப் போர்முனையில் பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் கடுமையாகக் காயப்பட்ட படையினரிடம் வலிநிவாரணி வேண்டுமா என்று கேட்டார். நால்வரில் மூவர் அளவுக்கு வேண்டாம் என்றார்கள். உயிர் தப்பிய அந்த நேரத்தில் மூளை நோவின் வாசலை மூடி வைத்திருந்தது. ஷெல் விழும்போது காலில் கிழிந்தது தெரியாமல் மைல் கணக்கில் நடந்ததாக மூதூர் கிழக்கில் பலர் சொல்வதும் இதனால்தான். வாசலை மூடத் தெரிந்த அதே மூளைக்கு அதை அகலத் திறந்து விடவும் தெரியும். அம்மாவிடம் இன்று நடப்பது இந்த இரண்டாவது.

முள்ளந்தண்டின் பின்பக்கத்து நரம்பணுக்களுக்குத் திரும்பத் திரும்பக் காயச் செய்தி வந்தால் அவை கூர்மையாகிவிடும். முன்பு பத்து அலகு தூண்டலுக்கு எழுந்த அணு பிறகு மூன்றுக்கே எழும். இதை 1983 இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிபோர்ட் வூல்ப் பரிசோதனையில் காட்டினார். அதன் பிறகு தடவினால்கூட நோகும், ஓரிடத்து நோ பக்கத்துக்குப் பரவும், தூண்டல் நின்ற பிறகும் நோ நீடிக்கும். மேலிருந்து, நடுமூளையிலிருந்து இறங்கி வந்து இந்தச் சத்தத்தைக் குறைக்கும் வழியொன்றும் உண்டு. உடம்பே சுரக்கும் ஓப்பியம் போன்ற பொருட்கள், செரட்டோனின், நோரட்ரினலின் ஆகியவற்றால் அது இயங்குகிறது. நித்திரையின்மை, நீண்ட பயம், மனச்சோர்வு ஆகியவை பலவீனமாக்குவது இந்த வழியைத்தான். நாரியில் தேய்மானம் கொஞ்சம் இருக்கலாம். 61 வயதில் நோவே இல்லாதவரின் எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும். நோவின் அளவை அந்தத் தேய்மானம் மட்டும் முடிவு செய்வதில்லை.

அடுத்தது பயத்தின் உறுப்புகள். ஆபத்து வந்தால் மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி, நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே ஆணை கொடுத்துவிடும். சில விநாடிகளில் அட்ரினலின் பாயும்: இதயம் அடிக்கும், மூச்சு ஏறும், தசை இறுகும், சமிபாடு மந்தமாகும். பின்னால் கோர்ட்டிசோல் வரும், 20 முதல் 30 நிமிடத்தில் உச்சத்தைத் தொடும். கோர்ட்டிசோலின் வேலைகளில் ஒன்று இந்தக் கொந்தளிப்பை முடித்து வைப்பது. நாட்பட்ட நெருக்கீட்டில் கோர்ட்டிசோல் எப்போதும் கூடியிருக்கும் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பெருநெருக்கீட்டுக்குப் பிந்திய கோளாறு (PTSD) உள்ள பலரிடம் அது சாதாரண அளவிலோ, குறைந்தோதான் இருக்கிறது. அதாவது எழுப்பும் பக்கம் வலுவாகவும், அடக்கும் பக்கம் பலவீனமாகவும் ஆகிவிட்டது. "கோர்ட்டிசோல் ரெஸ்ட்" என்று தனியார் ஆய்வுகூடத்தில் காசைக் கொடுக்க வேண்டாம். அது இந்தக் கேள்விக்கு விடை தராது.

ஒருமுறை யானை வந்து வயலை அழித்த பிறகு, பரணில் காவலிருப்பவர் இலை அசைந்தாலும் வெடி கொளுத்துவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்து வெடி வீணாவதைவிட ஒரு யானையைத் தவறவிடுவது பெரிய நட்டம். அமிக்டலாவின் கணக்கும் இதேதான். சத்தம் கேட்கிறது, இது 2006 இன் சத்தமா இன்றைய சத்தமா என்று இடமும் காலமும் பார்த்துச் சொல்ல வேண்டியது ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி, சொன்னதைக் கேட்டு அடக்க வேண்டியது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி. பெரும் பயத்தின் நடுவே பதிந்த நினைவில் சத்தம், மணம், உடம்பு உணர்வு எல்லாம் மிகத் தெளிவாக இருக்கும், ஆனால் "இது முடிந்துபோனது" என்ற முத்திரை சரியாக விழுந்திருக்காது. அதனால்தான் சீனக்குடா விமானப்படைப் பயிற்சி விமானம் என்று அம்மாவுக்கு அறிவால் தெரிந்தும் கை கால் விறைக்கிறது. அறிவு தெரிந்துகொள்வதற்கு முன்பே உடம்பு ஓடிவிடுகிறது.

ஊர் திரும்பிய பிறகு ஏன் கூடியது? இதைக் கேட்காத குடும்பம் குறைவு. முகாமில் இருக்கும்போது தண்ணீர், நிவாரண அரிசி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அன்றாடப் பாட்டுக்கே உடம்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டம் நின்ற பிறகுதான் களைப்பும் நோவும் தலைதூக்கும். ஊர் திரும்பினால் நினைவூட்டிகளும் கூடவே வரும்: அதே ஒழுங்கை, அதே கிணறு, முன்பு வீடு இருந்த இடம், இல்லாமல் போன அயலவர். பயம் தணிந்தாலும் பழைய பதிவு அழிவதில்லை. "இப்போது ஆபத்தில்லை" என்ற புதுப் பதிவு அதன் மேல் உட்காருகிறது, அவ்வளவுதான். கார்த்திகை மழை, சுனாமி நாளான டிசம்பர் 26, 2012 ஏப்ரல் 11 இல் வந்த சுனாமி எச்சரிக்கை, 2020 இன் புரவிப் புயல் போன்ற நேரங்களில் மேல்பதிவு விலகிப் பழையது தெரியும். முதலில் குறைந்து பிறகு திரும்ப வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டதென்று அர்த்தமில்லை. அந்தக் கிழமைகளுக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள்.

நோவும் பயமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதுதான் இதில் மோசமானது. நெஞ்சில் ஒரு குத்து வந்தால் உடம்பு அதை ஆபத்தென்று எடுக்கிறது. தோளும் கழுத்தும் தாடையும் இறுகுகின்றன. மணிக்கணக்கில் இறுகிய தசை தானே நோகும், கழுத்திலிருந்து தலையிடியாகப் பின்மண்டைக்கு ஏறும். நோகும் என்று குனிவதையும் நடப்பதையும் விட்டால் சில கிழமையிலேயே முதுகுத் தசை மெலியும், பிறகு சிறு வேலைக்கே நோகும். நோவில் நித்திரை கெடும், கெட்ட நித்திரை அடுத்த நாள் நோவின் எல்லையை இன்னும் கீழிறக்கும். அதோடு, பலருக்கு நோவே நினைவூட்டி. ஓடியபோது நாரியில் அடிபட்டிருந்தால், நாரி நோகும்போதெல்லாம் அந்த நாள் வரும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் வைத்தியம் செய்தால் மற்றப் பக்கம் அதை இழுத்துக் கவிழ்த்துவிடும்.

இதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வதற்கு முன் உடம்பு வருத்தங்களை ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஒழுங்காகத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். படபடப்புக்கு ஈசிஜியோடு ஹீமோகுளோபின், தைரொயிட், சீனி பார்த்தார்களா என்று கேளுங்கள். நாரி நோவோடு சலம் மலம் கட்டுப்படாமல் போவது, இரண்டு தொடைகளுக்கும் நடுவில் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே போவது, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நெருக்கீட்டுப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். திடீரென்று இடி விழுந்ததுபோல் வரும் தலையிடி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, பார்வை மங்கல் ஆகியவையும் அப்படியே. அதற்கு 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்ஸ் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒன்று: உடம்புக்குள் ஷெல் பீஸோ சன்னமோ கிடக்கிறதா? சிறிய துண்டுகளைப் பலர் மறந்தே போயிருப்பார்கள், தழும்பும் மங்கியிருக்கும். எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினால் அதை முதலில் சொல்லியே ஆக வேண்டும். இரும்புத் துண்டு கண்ணுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் காந்தம் அதை அசைக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். துண்டோ தழும்போ நரம்பை அழுத்தினால் வரும் நோ வேறு மாதிரி: எரியும், மின்சாரம் அடித்ததுபோல் பாயும், ஒரு கோடு பிடித்துப் போகும். அதற்குப் பனடோல் வேலை செய்யாது, நரம்பு நோவுக்கான மருந்துதான் தேவை. மிதிவெடியில் கால் இழந்தவர்களுக்கு இல்லாத காலில் வரும் நோவும் இந்த வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய, இருக்கும் காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துச் செய்யும் பயிற்சி அதில் சிலருக்கு உதவுகிறது.

பரிசோதனைகள் முடிந்து ஆபத்தில்லை என்றானால் அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு புது ஸ்கேனும் ஒரு கிழமை நிம்மதியையும் அதன் பிறகு கூடிய சந்தேகத்தையும்தான் தரும்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. மூச்சிலிருந்து தொடங்குங்கள். மூச்சு பழக்கம் சொல்லிக் கொடுத்தும் பலன் இல்லை என்பவர்களில் பலர் அதைப் பிழையாகச் செய்கிறார்கள். "ஆழமாக இழுங்கோ" என்றதும் நெஞ்சை உயர்த்திப் பெருமூச்சாக இழுப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறையும், விரல் நுனியும் உதட்டோரமும் விறுவிறுக்கும், தலை சுற்றும், பயம் இரட்டிக்கும். பெரிதாக இழுக்க வேண்டியதில்லை, மெதுவாக விட வேண்டும். கதிரையில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் பதிய, முதுகு சாய, வாசலைப் பார்த்தபடி இருக்கட்டும். மூக்கால் சாதாரண அளவு மூச்சு, மனதுக்குள் நாலு எண்ணும் வரை. உதட்டைக் குவித்து வெளியே விடுவது ஆறு எண்ணும் வரை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். முட்டினால் மூன்றும் நான்குமாகத் தொடங்கலாம். காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம், முதல் இரண்டு கிழமை படபடப்பு இல்லாத நேரத்தில் மட்டும். நீந்தத் தெரியாதவரை நடுக்கடலில் வைத்துப் பழக்குவதில்லை அல்லவா.

கண்ணை மூடச் சொல்லாதீர்கள். நெருக்கீடு பட்ட பலருக்குக் கண்ணை மூடியதும், அசையாமல் படுத்ததும் பழைய காட்சி வரும். தியானம் பழகப்போய் இப்படி மோசமானவர்களும் உண்டு. எண்ணுவது பிடிக்காதவருக்கு வேறு வழி உண்டு. செபமாலையின் மரியே வாழ்க செபத்தையோ யோக மந்திரத்தையோ வாய்விட்டுச் சொல்லும்போது மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறளவில் வந்து நிற்கிறது என்று 2001 இல் இத்தாலிய ஆய்வொன்று காட்டியது. கோணேசர் பதிகத்தை நிதானமாக ஓதினாலும், கிண்ணியாவில் ஒரு உம்மா இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி திக்ர் செய்தாலும் மூச்சு நீளத்தான் செய்யும். அம்மாவுக்குத் தெரிந்ததையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, அளவான நடை. மூன்று நாளைக்கு, நோ கூடத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 10, 14, 12 என்று வந்தால் சராசரி 12. அதில் ஐந்தில் நாலு பங்கு, ஏறத்தாழப் பத்து நிமிடம்தான் தொடக்கம். நல்ல நாளிலும் பத்து, கெட்ட நாளிலும் பத்து. கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். இதைக் கெடுப்பது நல்ல நாள்தான். நோ கொஞ்சம் விட்டதும் முற்றம் முழுக்கக் கூட்டி, மா இடித்து, உடுப்பெல்லாம் துவைத்துவிட்டு மூன்று நாள் படுப்பார்கள். வேலை செய்தால் நோகும் என்ற பாடத்தை நரம்பு இன்னும் உறுதியாகப் படித்துக்கொள்ளும். நோவைப் பார்த்து நிறுத்தாமல் மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்த வேண்டும். முதல் இரண்டு கிழமை நோ சற்றுக் கூடலாம். அடுத்த நாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கினால் அதில் கெடுதி இல்லை.

விமானச் சத்தத்துக்கும் இதே முறை. தாழப் பறக்கும் விமானத்தின் சத்தத்தை போனில் பதிந்து எடுங்கள். பகலில், கூட ஒருவர் இருக்க, மிக மெல்லிய சத்தத்தில் போடுங்கள். பயத்தைப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் அம்மாவே சொல்லட்டும். மூன்று அல்லது நான்கில் தொடங்குவது நல்லது. ஏழு, எட்டுக்கு ஏறினால் சத்தத்தைக் குறைக்கலாம், ஆனால் உச்சத்தில் நிறுத்தாதீர்கள். உச்சத்தில் நிறுத்தினால் "நிறுத்தியதால்தான் தப்பினேன்" என்று மூளை எழுதிக்கொள்ளும். சொன்ன எண் பாதியாக இறங்கும் வரை, அரைமணி முக்கால்மணி ஆனாலும், அங்கேயே இருக்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை. ஒரு படி சலித்துப்போன பிறகே அடுத்தது: சத்தத்தைக் கூட்டுதல், முற்றத்தில் நின்று கேட்டல், உண்மையான விமானம் பறக்கும்போது வெளியே நிற்றல். அந்த நேரத்தில் அம்மா உங்கள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டோ காதைப் பொத்திக்கொண்டோ இருந்தால் பயம் குறைந்ததுபோல் தெரியும், பாடம் பதியாது. கல்யாண வீட்டு வெடி, யானைக்கு விடும் வெடி ஆகியவற்றைக் கடைசிக்கு வையுங்கள். சத்தம் கேட்டதும் அந்த நாளே திரும்ப நடப்பதுபோல் ஆகி, எதிரில் நிற்கும் ஆளையே தெரியாமல் போகிறதென்றால் இதை வீட்டில் செய்யாதீர்கள். பயிற்சி உள்ளவரோடுதான் செய்ய வேண்டும்.

அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? பின்னாலிருந்து பிடிக்காதீர்கள், உலுக்காதீர்கள். முன்னால், கொஞ்சம் தள்ளி, அவர் உயரத்துக்கு உட்காருங்கள். "அம்மா, நான் உங்கட மகள். இண்டைக்கு வியாழக்கிழமை. சம்பூர் வீட்டில இருக்கிறம்" என்று கிழமையையும் இடத்தையும் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுங்கள், கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைக் கேளுங்கள். என்ன கண்டீர்கள், என்ன நடந்தது என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள்.

நித்திரைக்கு: எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும்பும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். பகல் தூக்கம் அரைமணிக்கு மேல் வேண்டாம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம், வெற்றிலை பாக்கும் வேண்டாம். பாக்கு நரம்பை எழுப்பும் பொருள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் அதை எடுத்து முடிவை மாற்றிச் சொல்லிப் பழகலாம். ஓடும் கனவில் ஒரு வீட்டுக் கதவு திறந்து உள்ளே எடுத்தார்கள் என்று அவரே ஒரு முடிவைக் கட்டட்டும், அந்தப் புதுக் கனவைத் தினம் பத்து நிமிடம் மனதில் ஓட்டட்டும். மிகக் கொடிய கனவில் தொடங்கக்கூடாது.

மருந்துகள். பனடோல் ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் போகக்கூடாது, அதாவது நாலு கிராம். மெலிந்தவருக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதிலும் குறைவு. தலையிடிக்கு மாதத்தில் பதினைந்து நாள் அல்லது அதற்கு மேல், மாதக்கணக்கில் பனடோல் போட்டால் அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கும். இது மிகச் சாதாரணம், மிகக் குறைவாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபினாக் நீண்ட நாளைக்கு நல்லதல்ல. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது தாக்கும். பதவி சிறிபுரப் பக்கம்போல் சிறுநீரக வருத்தம் உள்ள இடங்களில் இன்னும் கவனம். நித்திரைக்கென்று கொடுக்கும் டயசிபாம் சில கிழமைக்கு மேல் போனால் பழக்கமாகும். வயதானவர் இரவில் எழும்பி விழுவார். "இப்போது ஆபத்தில்லை" என்ற புதுப் பாடத்தை மூளை படிப்பதற்கும் அது தடை. ஆனால் வருடக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம். வைத்தியரோடு சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

பலனளிக்கக்கூடியவை இரண்டு. அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கும் சிறு அளவு, நோவுக்கும் நித்திரைக்கும். வாய் காயும், மலம் இறுகும், காலையில் மந்தமாக இருக்கும். இதயத் துடிப்புக் கோளாறும் சிலவகைக் கண் அழுத்தமும் உள்ளவருக்கு ஆகாது. மற்றது செர்ட்ரலின் போன்றவை, பயத்துக்கும் சோர்வுக்கும். முதல் இரண்டு கிழமை அந்தரம் கூடும், பலன் தெரிய நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். பத்தாம் நாள் "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துபவர்கள் பலர். இதை முன்பே சொல்லி வைத்தால் தொடர்வது சுலபம். இரண்டையும் சேர்ப்பதா, எவ்வளவு என்பதெல்லாம் வைத்தியர் முடிவு.

"எல்லாவற்றையும் சொல்லி அழுதால் பாரம் இறங்கும்" என்பது பாதி உண்மை. சம்பவம் நடந்த சில நாளில் ஒரே அமர்வில் முழுவதையும் சொல்லவைக்கும் முறை பின்னாளைய வருத்தத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். நாட்பட்ட நிலையில் ஒழுங்குபடுத்திச் சொல்வது வேறு. ஒரு கயிற்றைத் தரையில் விரித்து, பிறந்த நாளிலிருந்து இன்று வரை, நல்லவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைத்து, ஒவ்வொரு கல்லையும் அதன் காலத்திலும் இடத்திலும் இருத்திச் சொல்லும் ஒரு சிகிச்சை உண்டு. விழாமல் போன "முடிந்துபோனது" முத்திரையை அது திரும்பப் போடுகிறது. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் பிள்ளைகளிடம் இதையும், இன்னொரு குழுவிடம் தியானமும் தளர்ச்சிப் பயிற்சியும் ஆறு அமர்வாகச் செய்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டு குழுவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். அதனால் சொல்ல விரும்பாதவரைச் சொல்லவைத்தே தீர வேண்டும் என்று நிற்காதீர்கள்.

திருகோணமலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோரிடம் கேட்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். "பைத்தியக் கிளினிக்" என்று ஊர் பேசும் என்ற பயம் இருந்தால், நோவுக்கும் நித்திரைக்கும் காட்டப் போகிறோம் என்று சொல்லியே போகலாம். அது பொய்யும் இல்லை. நூல் கட்டுவது, பார்வை பார்ப்பது, ஓதுவது ஆகியவற்றை நிறுத்த வேண்டியதில்லை. கிளினிக் மருந்தை நிறுத்தச் சொல்லாதவரிடமும், பெருங்காசு கேட்காதவரிடமும் போகட்டும். வடக்கில் நீண்ட காலம் வைத்தியம் செய்த உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் திரும்பத் திரும்ப எழுதியது, காயப்பட்டது தனியாள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும்தான் என்று. ஆகவே கோயில் வேலை, மாதர் சங்கம், அயலவரோடு சேர்ந்து செய்யும் தோட்டம் ஆகியவற்றையும் மருந்தோடு சேர்த்து எண்ணுங்கள்.

தம்பியின் விடயத்தில் இந்த முறைகள் அதிகம் எட்டாது. செத்தாரென்றும் இல்லை, இருக்கிறாரென்றும் இல்லை. இந்தத் துக்கத்துக்கு முடிவு கேட்பதே கொடுமை. "ஏற்றுக்கொள்ளுங்கோ, கிரியை செய்யுங்கோ" என்று தள்ளாதீர்கள், வருவார் என்று பொய்யாகவும் உறுதி சொல்லாதீர்கள். அவர் பெயரில் ஒரு விளக்கு, பிறந்த நாளில் ஒரு அன்னதானம் என்று, இரண்டுக்கும் இடம் கொடுக்கும் ஒன்றை அம்மாவே தெரிவு செய்யட்டும். காணி, வங்கி அலுவல்களுக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கத்தான் வேண்டுமென்பதும் இல்லை. 2016 முதல், இறந்ததாகச் சொல்லாமல் ஆள் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

"இருந்தென்ன" என்ற பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள், சாக நினைக்கிறீர்களா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அன்றைக்கே வயல் மருந்துப் போத்தல்களையும் மிச்சக் குளிசைகளையும் பூட்டுங்கள். அமிட்ரிப்டிலின் கூடுதலாகப் போட்டால் இதயத்தை நிறுத்தும், ஒரு கிழமைக் குளிசைக்கு மேல் அவர் கையில் இருக்க வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள், ஏனென்றால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். நோ எங்கே, எப்போதிலிருந்து, எரிகிறதா இறுகுகிறதா. கிழமையில் எத்தனை இரவு நித்திரையில்லை. எந்தச் சத்தத்துக்கு, எந்த மாதத்தில் கூடுகிறது. போட்ட குளிசைகள், எண்ணிக்கையோடு. உடம்பில் துண்டு இருக்கிறதா. செய்த பரிசோதனைகள். கடைசி வரியில், "2006 இல் ஷெல்லடிக்குள் இடம்பெயர்ந்தவர், தம்பி காணாமல் போனவர், மனநல வைத்திய அதிகாரியிடம் அனுப்ப முடியுமா" என்று எழுதுங்கள். தாளைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள். வைத்தியர் மாறி வரும்போது அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது.